தொடக்க மதிப்பு இடப்படாத மாறுநீளச் சரங்களும் நிரல்பெயர்ப்பியும்

கணினி நிரலில் எழுத்துகளின் வரிசையைச் சேமிக்கும் தரவு சரம் எனப்படும். நிரல் இயங்கும்போது கூடவும் குறையவும் கூடிய நீளத்தை உடைய சரம் மாறுநீளச் சரம் ஆகும். இத்தகைய சரத்தை அறிவித்துவிட்டு, அதில் எதையும் எழுதுவதற்கு முன்பே அதன் உள்ளடக்கத்தையோ நீளத்தையோ படிப்பது தொடக்க மதிப்பு இடப்படாத சரத்தைப் பயன்படுத்துதல் எனப்படுகிறது. கம்பைலர் என்று பரவலாக வழங்கும் நிரல்பெயர்ப்பி இதை எவ்வாறு கையாள்கிறது என்பது மொழிக்கு மொழி வேறுபடும். ஒரே மொழியிலும் நிரல்பெயர்ப்பிக்கு நிரல்பெயர்ப்பி விளைவு மாறலாம்.

ஒரே நிரல் ஒரு கணினியில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் இயங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அத்தகைய வேளையில் மாணவர்கள் பெரும்பாலும் நிரல்பெயர்ப்பியில் பிழை என்று முடிவு செய்கின்றனர். சரத்தின் முதல் நீளத்தை எழுதும் பொறுப்பு நிரலருடையதா நிரல்பெயர்ப்பியுடையதா என்று மொழியின் விதிகளைப் பார்த்து அறிவதே வழுநீக்கத்தின் முதல் படி. இதற்கு விடை தெரிந்தால் பாதி வழு தீர்ந்துவிடும்.

மாறுநீளச் சரத்தின் மூன்று அமைப்புகள்

நினைவகம் என்பது எண்ணிடப்பட்ட பைட்டுகளின் வரிசை. ஒரு சரம் எங்கே தொடங்குகிறது என்பதுடன் எங்கே முடிகிறது என்பதும் கணினிக்குத் தெரிந்தாக வேண்டும். முடிவைக் குறிக்க மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

1. முடிவுக் குறி முறை: 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், மதிப்பு 0 ஆக உள்ள ஒரு பைட்டு சரத்தின் முடிவைக் காட்டும். நீளம் தனியாக எங்கும் சேமிக்கப்படுவதில்லை. நீளம் தேவைப்படும்போது முதல் பைட்டிலிருந்து 0 வரும்வரை எண்ண வேண்டும்.

2. முன்நீள முறை: சரத்தின் தொடக்கத்திலேயே நீளம் எழுதப்படும். 1960-களில் ஐபிஎம் உருவாக்கிய பிஎல்/ஒன் மொழியின் மாறுநீளச் சரத்தில் முதல் 2 பைட்டுகள் நீளத்துக்கு உரியவை. போர்லாண்டு நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டர்போ பாஸ்கலில் முதல் 1 பைட்டு நீளத்துக்கு உரியது. எனவே அதன் சரம் 255 எழுத்துகளுக்கு மேல் போகாது.

3. விவரக்குறிப்பு முறை: எழுத்துகள் ஓரிடத்தில் இருக்கும், அவ்விடத்தின் முகவரியும் நீளமும் வேறோர் இடத்தில் இருக்கும். சி++ மொழியின் சர வகுப்பும், ஃபோர்ட்ரான் 2003-இல் வந்த நீளம் பின்னர் முடிவாகும் சரமும் இவ்வகையின.

இம்மூன்றிலும் நீளத்தைச் சொல்லும் தகவலும் நினைவகத்தில் உள்ள மற்றொரு தரவுதான். முடிவுக் குறியாகிய 0, முன்னால் உள்ள நீளப் பைட்டு, விவரக்குறிப்பில் உள்ள எண் ஆகியவற்றை யாரேனும் ஒருவர் எழுதியிருக்க வேண்டும். எழுதப்படவில்லை என்றால் சரத்தின் உள்ளடக்கம் மட்டுமன்றி அதன் எல்லையும் தெரியாது போகும். முழு எண் மாறியில் தொடக்க மதிப்பு இல்லையென்றால் ஒரு தவறான எண் கிடைக்கும், அவ்வளவுதான். சரத்தில் இல்லையென்றால் நிரல் அந்தச் சரத்துக்கு உரியதல்லாத நினைவகப் பகுதியையும் படிக்கத் தொடங்கிவிடும். சர வழுக்கள் கூடுதல் கேடு தருவதன் காரணம் இதுவே.

குப்பை மதிப்பு எங்கிருந்து வருகிறது

ஒரு செயற்கூறு அழைக்கப்படும்போது அதன் உள்ளக மாறிகளுக்கு அடுக்கு என்னும் நினைவகப் பகுதியில் இடம் ஒதுக்கப்படும். செயற்கூறு முடிந்ததும் அந்த இடம் விடுவிக்கப்படும், ஆனால் அழிக்கப்படுவதில்லை. அடுத்து அழைக்கப்படும் செயற்கூறு அதே இடத்தைப் பெறக்கூடும். முந்தைய பாடவேளையில் எழுதியது அழிக்கப்படாத கரும்பலகையில் அடுத்த ஆசிரியர் எழுதத் தொடங்குவதைப் போன்றது இது. இவ்வாறு எஞ்சியிருக்கும் பழைய தரவையே குப்பை மதிப்பு என்கின்றனர். ஆங்காங்கே தானாகத் தோன்றுவதன்று அது. சற்று முன்னர் அதே நிரலின் வேறொரு பகுதி எழுதிவிட்டுப் போனது.

சி மொழியில் எல்லா மாறிகளும் இப்படிப்பட்டவை அல்ல. எல்லாச் செயற்கூறுகளுக்கும் வெளியே அறிவிக்கப்பட்ட மாறிகளும், நிலையானவை என்று குறிக்கப்பட்ட மாறிகளும் நிரல் தொடங்கும்போதே 0 ஆக்கப்படும் என்று மொழியின் தரநிலை உறுதியளிக்கிறது. ஓர் அணியின் சில உறுப்புகளுக்கு மட்டும் தொடக்க மதிப்பு கொடுத்தால், எஞ்சியவை 0 ஆகும் என்பதும் உறுதி. உள்ளக மாறிகளுக்கு இத்தகைய உறுதி இல்லை. ஆகவே செயற்கூறுக்கு வெளியே இருந்தபோது சரியாக இயங்கிய அணியை உள்ளே நகர்த்தியவுடன் நிரல் தவறிப்போவது இயல்பு.

எடுத்துக்காட்டு: இல்லாத ஊர்

தமிழ்ச் சரங்களில் இவ்வழு எளிதில் கண்ணுக்குத் தெரியும். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள புதுச்சத்திரம் என்னும் ஊரின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அதில் உள்ள எழுத்துகள் பு, து, ச், ச, த், தி, ர, ம் என 8. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் குறியீட்டுப் புள்ளிகள் 14. இணையத்தில் பெருவழக்காக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட்டுகள் தேவை. ஆகவே இப்பெயருக்கு 42 பைட்டுகள் வேண்டும். சி மொழியில் முடிவுக் குறியையும் சேர்த்தால் 43. சேலம் என்னும் பெயரில் எழுத்துகள் 3, குறியீட்டுப் புள்ளிகள் 5, பைட்டுகள் 15.

இனி, 64 பைட்டு அணியில் ஊர்ப்பெயரை வைத்து அச்சிடும் இரு செயற்கூறுகள் ஒரு சி நிரலில் அடுத்தடுத்து அழைக்கப்படுவதாகக் கொள்க. முதல் செயற்கூறு தன் அணியில் புதுச்சத்திரம் என்று முடிவுக் குறியுடன் எழுதிவிட்டு முடிகிறது. இரண்டாவது செயற்கூறின் அணிக்குத் தொடக்க மதிப்பு இல்லை. அது சேலம் என்னும் சரத்தின் நீளம் 15 எனக் கணக்கிட்டு, அந்த 15 பைட்டுகளை மட்டும் படியெடுக்கிறது. நீளத்தைக் கணக்கிடும் செயற்கூறு முடிவுக் குறியை எண்ணுவதில்லை. ஆதலால் 0 படியெடுக்கப்படவில்லை.

இரண்டு அணிகளும் அடுக்கில் ஒரே இடத்தில் அமைந்தால், முதல் 15 பைட்டுகள் சேலம் ஆக மாறும். 16-ஆவது பைட்டிலிருந்து பழைய பெயரின் எஞ்சிய 27 பைட்டுகள் அப்படியே இருக்கும். அச்சிடும்போது சேலம் என்பதைத் தொடர்ந்து ஒட்டுவதற்கு எழுத்தில்லாத ஒரு தனிப் புள்ளியும், அதன்பின் சத்திரம் என்பதும் வரும். இல்லாத ஓர் ஊர் திரையில் தோன்றிவிடும். பழைய சரத்தின் முடிவுக் குறி 43-ஆவது பைட்டில் இருப்பதால்தான் அச்சிடல் அங்கே நிற்கிறது. அதுவும் இல்லையென்றால் எங்கே நிற்கும் என்று சொல்ல இயலாது.

அதே நிரலை வேறொரு நிரல்பெயர்ப்பியில் இயக்கினால் அணிகள் வேறு வேறு இடங்களில் அமையலாம். 16-ஆவது பைட்டு தற்செயலாக 0 ஆக இருந்தால் சேலம் என்று சரியாகவே அச்சாகும். அப்போது நிரல் சரியானது என்ற எண்ணம் உண்டாகிறது. உண்மையில் அது தவறான நிரலே. விடை மட்டும் தற்செயலாகச் சரியாக வந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் பல ஆண்டுகள் புழங்கிய டர்போ சி-யில் எழுதிப் பழகிய நிரல்கள், லினக்சில் ஜிசிசி கொண்டு பெயர்க்கப்படும்போது தவறிப்போவதற்கு உள்ள காரணங்களுள் இதுவும் ஒன்று.

இடப்பற்றாக்குறையாலும் முடிவுக் குறி விடுபடும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பைட்டுகளுக்கு மேல் படியெடுக்காத ஒரு நூலகச் செயற்கூறு சி மொழியில் உண்டு. மூலச் சரம் அந்த அளவுக்குள் அடங்காவிட்டால் அது முடிவுக் குறியை எழுதாது. புதுச்சத்திரம் என்பதை 40 பைட்டு அணியில் அவ்வாறு படியெடுத்தால், 39 பைட்டுகளில் ஈற்று மகரம் வரை வந்துவிடும். 40-ஆவது பைட்டில் மகரத்தின் மேல் வரவேண்டிய புள்ளிக்குரிய 3 பைட்டுகளில் முதலாவது மட்டும் நிற்கும். அப்பால் இருப்பது அடுத்த மாறியின் நினைவகம். ஓர் எழுத்துக்கு 1 பைட்டு என்ற கணக்கில் 40 என்னும் அளவு தாராளமானதாகத் தோன்றும். தமிழுக்கு அது போதவில்லை.

நிரல்பெயர்ப்பி செய்வது என்ன

தொடக்க மதிப்பு இடாத உள்ளக மாறியைப் படிப்பதைச் சி, சி++ ஆகிய மொழிகளின் தரநிலைகள் பெரும்பாலும் வரையறுக்கப்படாத நடத்தை என வகைப்படுத்தி வந்துள்ளன. இன்ன விளைவுதான் வரவேண்டும் என்று தரநிலை எதையும் சொல்லவில்லை என்பது இதன் பொருள். பழைய பைட்டுகள் கிடைக்கும் என்றுகூட உறுதியில்லை.

நிரலை விரைவாக்கும் உகப்பாக்கம் இல்லாமல் பெயர்க்கும்போது, மாறி நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும். அங்குள்ள பழைய பைட்டு படிக்கப்படும். உகப்பாக்கத்துடன் பெயர்க்கும்போது நிலைமை மாறுகிறது. கிளாங் நிரல்பெயர்ப்பிக்கு அடிப்படையான எல்எல்விஎம் அமைப்பு, எழுதப்படாத மாறியின் மதிப்பை வரையறையற்றது என்ற தனிக் குறியீட்டால் குறிக்கிறது. அந்தக் குறியீட்டை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நிரல்பெயர்ப்பி தனக்கு வசதியான வெவ்வேறு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். எனவே நீளம் 0 தானா என்று ஓரிடத்தில் கேட்டால் ஆம் என்றும், சற்றுக் கீழே அதே நீளத்தைக் கேட்டால் இல்லை என்றும் நிரல் நடந்துகொள்ளக்கூடும். ஒரு மதிப்பை ஒருமுறை தேர்ந்தபின் மாறாமல் நிலைநிறுத்தும் கட்டளை 2020-இல் வெளியான எல்எல்விஎம் 10 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

வழுவைத் தேடுவதற்காக ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தவுடன் வழு மறைந்துபோவது மாணவர் பலர் கண்டது. புதிய வரியால் அடுக்கின் அமைப்பும் உகப்பாக்க முடிவுகளும் மாறிவிடுகின்றன. வழு நீங்கவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

மொழிதோறும் வேறுபடும் பொறுப்பு

சி: உள்ளக அணிக்கு முதல் மதிப்பை எழுதுவது நிரலரின் பொறுப்பு. 1999 தரநிலையில் அறிமுகமான, இயங்கும்போது அளவு முடிவாகும் அணிக்கு அறிவிப்பிலேயே தொடக்க மதிப்பு தர அந்தத் தரநிலை இடம் கொடுக்கவில்லை. வெற்று அடைப்பால் முழுவதையும் 0 ஆக்கும் வசதி சி23 தரநிலையில் வந்தது.

சி++: எழுத்து அணியைப் பொறுத்தவரை சி மொழியின் நிலையே. சர வகுப்பைப் பயன்படுத்தினால், அறிவித்தவுடன் நீளம் 0 உடைய வெற்றுச் சரம் உருவாகும். இங்கே பொறுப்பு மொழியின் நூலகத்துடையது. 2018-19 கல்வியாண்டில் அறிமுகமான தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் சி++ இடம்பெறுவதால், இவ்வேறுபாடு பள்ளி மாணவர்களுக்கும் தேவையான ஒன்று.

டெல்பை: நீண்ட சரங்களாக அறிவிக்கப்படும் உள்ளக மாறிகளை நிரல்பெயர்ப்பியே வெறுமையாக்கிவிடும். ஆனால் சரத்தைத் திருப்பித் தரும் செயற்கூறின் விடைமாறி அப்படியன்று. மொழியின் விதிப்படி அது அழைப்பவர் மறைவாக அனுப்பும் மாறியைப் போலவே நடத்தப்படுகிறது. ஒரு சுற்றுக்குள் அச்செயற்கூறைத் திரும்பத் திரும்ப அழைக்கும்போது விடைமாறியில் முந்தைய சுற்றின் சரம் இருக்கக்கூடும். அதை வெறுமை எனக் கருதி எழுத்துகளை ஒட்டிச்சென்றால் சரம் நீண்டுகொண்டே போகும். இது நிரல்பெயர்ப்பியின் வழுவாகவே தோன்றும். ஆனால் விதியில் உள்ளதே. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீ பாஸ்கல் இது குறித்து எச்சரிக்கை தருகிறது.

ஃபோர்ட்ரான்: நீளம் பின்னர் முடிவாகும் சரம், அறிவிக்கப்பட்டவுடன் இடம் ஒதுக்கப்படாத நிலையில் இருக்கும். ஒரு மதிப்பை அதற்கு இருத்தும்போது தேவையான இடமும் நீளமும் தாமாகவே அமையும். அதற்கு முன் நீளத்தைக் கேட்பது விதிமீறல். எனினும் நிரல்பெயர்ப்பி அதைச் சுட்டிக்காட்டியாக வேண்டும் என்பதில்லை. ஜிஎன்யூ ஃபோர்ட்ரான் இத்தகைய சரத்தின் நீளத்தை ஒரு மறைவான மாறியில் வைக்கிறது. ஆகவே நிரலர் எங்குமே எழுதாத, புள்ளியில் தொடங்கும் பெயருடைய மாறிக்குத் தொடக்க மதிப்பு இல்லை என்று எச்சரிக்கை வருவதுண்டு. அந்தப் பெயரில் புள்ளிக்குப் பின் இருப்பது எந்தச் சரத்தின் பெயர் என்று பார்த்தால் பொருள் விளங்கும். சரியான நிரலுக்கும் சில வேளைகளில் இவ்வெச்சரிக்கை வரும்.

ஜாவா: உள்ளக மாறிக்கு எல்லா வழிகளிலும் மதிப்பு இடப்பட்டுள்ளது என்று நிரல்பெயர்ப்பிக்கு உறுதியாகாவிட்டால் நிரலே பெயர்க்கப்படாது. வகுப்பின் புலமாக உள்ள சரத்துக்கு மட்டும் இன்மை என்னும் மதிப்பு தானாக இடப்படும். இன்மை வேறு, நீளம் 0 உடைய வெற்றுச் சரம் வேறு.

பைத்தான்: மதிப்பை இருத்தும்போதுதான் பெயரே உருவாகிறது. இருத்தாத பெயரைப் படித்தால் நிரல் பிழைச்செய்தியுடன் நின்றுவிடும். 2019-20 முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமாகப் பைத்தானைக் கற்று, பின்னர் கல்லூரியில் சி மொழிக்கு வரும் மாணவர், கணினி தாமாகவே எச்சரிக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. சி மொழியில் அந்த எதிர்பார்ப்பு பொய்க்கும்.

வழுவைக் கண்டறியும் படிகள்

1. நிரலைச் சுருக்குதல். வழு நீங்காமல் எத்தனை வரிகளை நீக்க முடியுமோ அத்தனையையும் நீக்க வேண்டும். பத்துப் பதினைந்து வரிகளுக்குள் வந்துவிட்டால் எழுதப்படாத மாறி பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

2. எச்சரிக்கைகளை இயக்குதல். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் பொதுவான எச்சரிக்கைகளைக் காட்டும் விருப்பம் உண்டு. ஜிசிசி-யில் மதிப்பு இடப்படாமல் இருக்கலாம் என்ற வகை எச்சரிக்கை, உகப்பாக்கத்தை இயக்கினால்தான் முறையாகச் செயல்படும். ஆகவே உகப்பாக்கம் இன்றி ஒருமுறையும், அதனுடன் ஒருமுறையும் பெயர்த்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை வராததைக் கொண்டு வழு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

3. இரு மதிப்புச் சோதனை. ஐயத்துக்குரிய அணியை முதலில் முழுவதும் 0 கொண்டும், பிறகு முழுவதும் 65 போன்ற வேறோர் எண் கொண்டும் நிரப்பி இயக்க வேண்டும். இரு முறையும் விளைவு வேறுபட்டால், எழுதப்படாத பைட்டு எங்கோ படிக்கப்படுகிறது என்பது உறுதியாகும். எந்தக் கருவியும் இல்லாத கணினியிலும் இச்சோதனையைச் செய்யலாம்.

4. நினைவகச் சோதனைக் கருவி. ஜூலியன் சீவர்டு தொடங்கி 2002-இல் வெளியான வால்கிரைண்டு, ஒவ்வொரு பைட்டும் எழுதப்பட்டதா என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு நிரலை இயக்குகிறது. எழுதப்படாத பைட்டை வெறுமனே படியெடுக்கும்போது அது முறையிடாது. நிரலின் போக்கு அந்தப் பைட்டைச் சார்ந்து பிரியும்போதே முறையிடும். சரம் ஓரிடத்தில் பிறந்து நான்கு செயற்கூறுகளைக் கடந்து அச்சிடும் இடத்தில் முறையீடு வருவது இதனால்தான். மதிப்பின் பிறப்பிடத்தைத் தேடும் விருப்பத்தை இயக்கினால், எந்தச் செயற்கூறில் அந்த இடம் ஒதுக்கப்பட்டது என்பதையும் கருவி காட்டும்.

5. பெயர்ப்பின்போதே சோதனையைச் சேர்த்தல். கிளாங்கில் உள்ள மெமரி சானிடைசர் இதே வேலையைக் கூடுதல் வேகத்துடன் செய்கிறது. ஆனால் நிரல் பயன்படுத்தும் நூலகங்களும் அதே முறையில் பெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிடில் நூலகம் எழுதிய பைட்டுகளையும் எழுதப்படாதவை என்று அது தவறாகச் சொல்லும்.

6. நீளத்தைக் கண்காணித்தல். வழுநீக்கியில் சரத்தின் நீளம் உள்ள முகவரிக்கோ, முடிவுக் குறி இருக்கவேண்டிய முகவரிக்கோ கண்காணிப்பு வைக்கலாம். அவ்விடத்தில் யார் எப்போது எழுதினார்கள் என்பது தெரியவரும். செயற்கூறு முடியும்வரை எவரும் எழுதவில்லை என்றால் வழு பிடிபட்டது.

சில நிரல்பெயர்ப்பிகள் எழுதப்படாத இடத்தை வேண்டுமென்றே அடையாளம் காணத்தக்க எண்ணால் நிரப்பிவைக்கின்றன. மைக்ரோசாஃப்டின் விசுவல் சி++ வழுநீக்கப் பதிப்பில் அடுக்கில் உள்ள எழுதப்படாத பைட்டுகள் 204 என்றும், புதிதாக ஒதுக்கப்பட்ட குவியல் பைட்டுகள் 205 என்றும் நிரப்பப்படும். சீனாவில் வழங்கும் ஜிபிகே குறியீட்டு முறையில் 204 இரண்டு சேர்ந்தால், சுடுதல் என்று பொருள்படும் ஒரு சீன எழுத்தாகிவிடும். ஆகவே தொடக்க மதிப்பு இடாத சரத்தை அச்சிட்டால் அந்த ஓர் எழுத்தே வரிசையாகத் திரையை நிரப்பும். சீன மாணவர்கள் அதைப் பார்த்தவுடனே எங்கே தவறு என்று அறிந்துகொள்கின்றனர்.

நிரல்பெயர்ப்பியின் வழுவா?

நிரல்பெயர்ப்பிகளிலும் வழுக்கள் உண்டு. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய சிஸ்மித் என்னும் கருவி, தற்போக்கில் சி நிரல்களை எழுதிப் பல நிரல்பெயர்ப்பிகளில் இயக்கி விளைவுகளை ஒப்பிடும். 2011-இல் வெளியான அவர்களது ஆய்வுக்கட்டுரை, அதுவரை அறியப்படாத 325-க்கும் மேற்பட்ட வழுக்களைக் கண்டறிந்து நிரல்பெயர்ப்பி உருவாக்குநர்களுக்குத் தெரிவித்ததாகக் கூறுகிறது. அக்கருவி எழுதும் நிரல்களில் தொடக்க மதிப்பு இல்லாத மாறியைப் படிப்பது போன்ற வரையறுக்கப்படாத நடத்தை வராதவாறு பார்த்துக்கொண்டதால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு இருந்தது. வரையறுக்கப்படாத நடத்தை உள்ள நிரலில் இரு நிரல்பெயர்ப்பிகள் வெவ்வேறு விடை தந்தால் இரண்டுமே சரியானவை.

எனவே பழியை நிரல்பெயர்ப்பியின் மீது போடும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சரத்தை வெறுமையாக்குவது நிரல்பெயர்ப்பியின் கடமை என்று மொழியின் விதி சொல்கிறதா? சுருக்கிய நிரலில் நினைவகச் சோதனைக் கருவி முறையிடாமல் இருக்கிறதா? உகப்பாக்கத்தை நிறுத்தும்போதும் இயக்கும்போதும் விளைவு மாறுகிறதா? முதல் இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்து, விளைவும் மாறினால் அது உருவாக்குநர்களுக்குத் தெரிவிக்கத்தக்க வழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் கேள்விக்கே இல்லை என்று வந்தால் திருத்தவேண்டியது நிரலைத்தான்.

எச்சரிக்கையை மட்டும் நீக்கியதன் விளைவு

டெபியன் லினக்சில் நடந்த ஒரு நிகழ்வு, எச்சரிக்கையை அடக்குவதற்கும் வழுவை நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. பாதுகாப்பான தொடர்புக்கு உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் தற்போக்கு எண் பகுதியில் தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகம் படிக்கப்படுவதாக வால்கிரைண்டு போன்ற கருவிகள் முறையிட்டு வந்தன. 2006-இல் டெபியனுக்கான பதிப்பில் அம்முறையீட்டுக்குக் காரணமான வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கை நின்றது. ஆனால் உண்மையான தற்போக்குத் தரவைக் கலந்துவந்த வரியும் அவற்றுடன் போய்விட்டது.

அதன்பின் மறைகுறிகளின் வேறுபாடு நிரல் இயங்கும்போது பெறும் செயல் எண்ணை மட்டுமே சார்ந்து நின்றது. அவ்வெண்ணுக்கு இயன்ற மதிப்புகள் அதிகபட்சம் 32,768. அதாவது ஒரே வகைக் கணினியில், ஒரே வகையும் அளவும் உடைய மறைகுறிகள் அத்தனையே இருக்க முடியும். ஒரு கணினி அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிடலாம். லூசியானோ பெல்லோ இதைக் கண்டறிந்தார். 2008 மே 13 அன்று டெபியன் எச்சரிக்கை வெளியிட்டது. டெபியனிலும் அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும் இடைப்பட்ட காலத்தில் உருவாக்கப்பட்ட மறைகுறிகளைக் கைவிட்டுப் புதியவற்றை உருவாக்க வேண்டியதாயிற்று.

கருவியின் முறையீடு பொய்யன்று. எந்த இடம் எழுதப்படவில்லை, அதை எழுதவேண்டியவர் யார், அதைப் படிப்பதன் நோக்கம் என்ன என்ற கேள்விகளுக்கு முழு விடை காணாமல் வரிகள் நீக்கப்பட்டதே தவறு. வகுப்பறை நிரலில் எச்சரிக்கை வந்தவுடன் அணியை 0 ஆக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதும் இதைப் போன்றதே. அங்கு ஊர்ப்பெயர் வந்திருக்க வேண்டும் என்றால், 0 ஆக்கியபின் வெற்றுப் பெயர் அச்சாகும். பெயரைப் படிக்கத் தவறிய உண்மையான வழு அப்படியே இருக்கும்.

தடுப்பு முறைகளும் அண்மைய மாற்றங்களும்

மொழி இடம் கொடுக்கும்போது, அறிவிக்கும் வரியிலேயே சரத்துக்குத் தொடக்க மதிப்பு தருவது எளிய வழக்கம். சி மொழியில் வெற்றுச் சரத்தை இட்டாலே அணி முழுவதும் 0 ஆகிவிடும். படியெடுக்கும்போது சரத்தின் நீளத்துடன் முடிவுக் குறிக்கான 1 பைட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தமிழுக்கான அணியின் அளவை எழுத்து எண்ணிக்கையில் அல்லாமல் பைட்டு எண்ணிக்கையில் திட்டமிட வேண்டும். சி++ மொழியில் எழுத்து அணிக்கு மாற்றாகச் சர வகுப்பைப் பயன்படுத்துவது நல்லது.

நிரல்பெயர்ப்பிகளும் பொறுப்பில் ஒரு பகுதியை ஏற்கத் தொடங்கியுள்ளன. உள்ளக மாறிகள் அனைத்தையும் 0 அல்லது ஒரு குறிப்பிட்ட எண் கொண்டு தாமாக நிரப்பும் விருப்பம் கிளாங்கில் 2019-இலும், ஜிசிசி-யில் 2022-இல் வெளியான 12-ஆம் பதிப்பிலும் வந்தது. 2020-இல் வெளியான ஆண்ட்ராய்டு 11 இவ்வகைத் தானியங்கு நிரப்புதலைப் பயன்படுத்தியது. பழைய நினைவகத்தில் இருந்த கடவுச்சொல் போன்றவை எழுதப்படாத சரத்தின் வழியே கசிவதை இது தடுக்கிறது. சி++26 தரநிலைக்காக 2024-இல் ஏற்கப்பட்ட மாற்றத்தின்படி, தொடக்க மதிப்பு இல்லாத உள்ளக மாறியைப் படிப்பது வரையறுக்கப்படாத நடத்தை என்ற வகையிலிருந்து பிழையான நடத்தை என்ற புதிய வகைக்கு மாறுகிறது. அது பிழை என்பதில் மாற்றமில்லை. ஆனால் அதைக் காரணமாக்கி நிரல்பெயர்ப்பி விரும்பியபடி நிரலை மாற்றியமைக்க இயலாது.

இத்தானியங்கு நிரப்புதல் நினைவகக் கசிவைத் தடுக்குமே தவிர, சரத்தில் இருக்கவேண்டிய சரியான மதிப்பை நிரல்பெயர்ப்பியால் ஊகிக்க இயலாது. 64 பைட்டு அணி முழுவதும் 0 ஆக்கப்பட்டிருந்தால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் சேலம் என்று சரியாகவே அச்சாகும். புதுச்சத்திரம் 40 பைட்டில் வெட்டுப்படும் எடுத்துக்காட்டிலோ, அணியை 0 ஆக்கினாலும் கடைசிப் பைட்டு வரை நிரம்பிவிடுவதால் முடிவுக் குறிக்கு இடமே இராது. அணியின் அளவையும் சரத்தின் முதல் மதிப்பையும் முடிவு செய்வது நிரலரின் வேலையாகவே இருக்கிறது.